மாடர்ன் பிரெட்

மாடர்ன் பிரெட் இந்திய அரசே மாவு பிசைந்து, சுட்டு, தாளில் சுற்றி விற்ற ரொட்டி. இதற்காக 1965-இல் ‘மாடர்ன் பேக்கரீஸ் (இந்தியா) லிமிடெட்’ என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியா உதவியது. சென்னை, டெல்லி, கொல்கத்தா, கொச்சி உள்ளிட்ட நகரங்களில் ஆலைகள் இயங்கின.

அது உணவுத் தட்டுப்பாட்டுக் காலம். பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. சோறு தின்று பழகிய ஊர்களில் அடுப்பு மூட்டாமலே சாப்பிடக்கூடிய கோதுமைப் பண்டமாக ரொட்டி வந்து சேர்ந்தது. மைதாவில் வைட்டமின்களையும் தாது உப்புகளையும் கலந்தார்கள். கோதுமைப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். கடைச்சரக்கு ஒன்றின் வழியாக ஊட்டச்சத்தை வீடுவீடாகக் கொண்டுபோக நினைத்ததுதான் இந்த நிறுவனம் செய்த மிக நல்ல காரியம்.

ஆலை ரொட்டியில் சுடுவதற்கு இணையான வேலை ஆறவைப்பது. ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவு பொங்கியதும் எடை பார்த்து வெட்டித் தகர அச்சில் போடுவார்கள். அங்கே மறுபடி உப்பிய பிறகே அது சூளைக்குள் போகும். வெந்து வந்த ரொட்டியைச் சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுத்து அமுங்கிவிடும். சூட்டோடு சுற்றினால் உறைக்குள் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நன்றாக ஆறிய பிறகுதான் துண்டு போட்டு உறையிடுவார்கள்.

தமிழ்நாட்டில் பிரெட் நெடுங்காலம் காய்ச்சல்காரர்களின் சாப்பாடாகவே இருந்தது. வாய் கசந்து கிடப்பவருக்குச் சுடுபாலில் ஒரு துண்டை முக்கி, அது இற்று விழுவதற்குள் ஊட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர் கையில் ஆரஞ்சோடு ஒரு பிரெட் பாக்கெட்டும் இருக்கும். காலைப் பலகாரமாக அது இட்லிக்குப் பக்கத்தில் வந்து உட்காரப் பல ஆண்டுகள் ஆயின.

1977-இல் கோககோலா நாட்டை விட்டு வெளியேறியபோது, ‘டபுள் செவன்’ என்ற குளிர்பானத்தைத் தயாரித்து விற்கும் பொறுப்பையும் அரசு இந்த நிறுவனத்திடமே கொடுத்தது. அந்தப் பானம் நிலைக்கவில்லை. 1982-இல் நிறுவனம் ‘மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ்’ ஆனது.

1990-களின் கடைசியில் நஷ்டம் சேர்ந்தது. 2000 ஜனவரியில் 74 சதவீதப் பங்குகளை 105.45 கோடி ரூபாய்க்கு இந்துஸ்தான் லீவர் வாங்கியது. நிர்வாகத்தோடு சேர்த்துத் தனியாருக்கு விற்கப்பட்ட முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம் இதுதான். பின்னால் வந்த பெரிய விற்பனைகளைப் பற்றி எழுதுவோர் இந்த ரொட்டி ஆலையிலிருந்து தொடங்குவது அதனால்தான். மீதிப் பங்குகள் 2002-இல் கைமாறின. 2016-இல் எவர்ஸ்டோன் முதலீட்டுக் குழுமமும், 2021-இல் மெக்சிகோவின் குரூப்போ பிம்போவும் அடுத்தடுத்து உரிமையாளர்களாயின. 1945-இல் மெக்சிகோ நகரில் தொடங்கிய பிம்போ, டெல்லி வட்டாரத்தில் பேர்பெற்ற ‘ஹார்வெஸ்ட் கோல்ட்’ ரொட்டியை ஏற்கெனவே 2017-இல் தன்வசமாக்கியிருந்தது.