நொக்ஸ் கண்டதும் காணாததும்

உலகம் சுற்றிய நூலாசிரியர்களைப் பற்றிப் பேசுவோர், அவர்கள் எத்தனை நாடுகளைக் கண்டனர் என்று கணக்கிடுவது வழக்கம். அந்நாடுகளின் மனிதரை எவ்வாறு கண்டனர் என்றும் நாம் கேட்டல் வேண்டும். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் வன்னியைப் பற்றி எழுதிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரிடம் இக்கேள்வியை முதலிற் கேட்போம்.

1641இல் இலண்டனிற் பிறந்த நொக்ஸ், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகத் தந்தையார் செலுத்திய கப்பலிற் கீழ்த்திசைக்கு வந்தார். 1659இல் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரம் இழந்த அக்கப்பல், பழுதுபார்ப்பதற்காகத் திருகோணமலைப் பகுதியிலுள்ள கொட்டியாரத்தை அடைந்தது. 1660இல் தந்தையும் மகனும் மாலுமிகள் சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டிலே தந்தையார் நோயுற்று இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்துக் கிராமங்களிற் காவலில் இருந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் வாழ்ந்தார்.

1679இல், ஊரூராகப் பண்டம் விற்பவரைப் போலத் தோழர் ஒருவருடன் வடக்கே வந்து, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரைக்காடுகள் வழியே நடந்து, ஒக்டோபர் மாதத்தில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையைச் சேர்ந்தார். சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அவ்வாறே நாம் அருவியாறு என்பது.

1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது இலங்கை நூல், சில ஆண்டுகளுள் ஜெர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அதில் நம் வன்னியும் இடம்பெற்றது. அவர் குறிப்பிடும் தலைவனைக் கயிலாய வன்னியன் என்பர். அவன் கண்டியரசனுக்கும் அடங்காதவன். ஒல்லாந்தருக்கும் முற்றாக அடங்காதவன். எனினும் ஆண்டுதோறும் ஒல்லாந்தருக்கு யானைத் திறை கொடுத்தான். குடிகள் கண்டிக் குடிகளிலும் மிகுந்த வரி செலுத்தினர் என்றும் நொக்ஸ் எழுதினார். அடங்காப்பற்று என்று பெருமை பேசும் நாம், முதற் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றையதை மறைத்தல் நேர்மையாகாது. தலைவனின் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவன் உழவனே.

குடிகளின் வரிச்சுமையைக் கண்ட அக்கண்கள் பின்னர் எதைக் காணத் தவறின? நாடு திரும்பிய நொக்ஸ் கம்பனிக் கப்பலின் தலைவரானார். தொங்கிங் முதலிய தேசங்களுக்குச் சென்றார். 1684இல் புறப்பட்ட பயணத்திலோ மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கிச் சென். ஹெலனாத் தீவிற் சேர்க்கும் கட்டளையை ஏற்றார். பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர், பிறரைச் சிறைப்படுத்தும் வணிகத்திற்குக் கப்பல் செலுத்தினார்! இதனை ஒரு தனிமனிதனின் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிடலாகாது. மனிதனையும் மிளகையும் ஒரே பேரேட்டில் எழுதிய வணிக முறை, சிறையின் கொடுமையை அறிந்தவனையும் தன் கருவியாக்கிக்கொண்டது.

1719இல் வெளிவந்த டானியல் டிபோவின் றொபின்சன் குறூசோ கதைக்கு நொக்ஸின் நூலும் ஒரு தூண்டுகோலாயிற்று என ஆய்வாளர் பலர் கருதுவர். அக்கதைத் தலைவனும் அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்திலேதான் கப்பலுடைந்து தனித்தீவில் ஒதுங்குகிறான். அவனது தனிமைக்காக உலகம் இரங்கிற்று. மடகாஸ்கரிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவரும் கடல் கடந்தவரே. அவர்கள் எழுதிய பயண நூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை. எழுதுகோல் எவரிடம் இருந்ததோ அவரது துன்பமே வரலாறாயிற்று.

இது பழங்கதையன்று. 2009இல், அதே அருவியாறு பாயும் செட்டிகுளத்தில், மெனிக்பாம் முகாமின் முள்வேலிக்குள், இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் அடைக்கப்பட்டனர். 2012இல் அம்முகாம் மூடப்பட்டது. அங்கு வந்துபோன அந்நியர்களின் அறிக்கைகள் பல உள. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்த ஒரு தாயின் பயணத்தை அவளுடைய மொழியிலே பதிவது நம் பணியன்றோ?

ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்தோறும் முதியோரிடம் கேட்டு எழுதத் தொடங்கட்டும். எழுதும்போது, நம் துயரை மட்டுமே காணும் நொக்ஸின் கண்ணை நாமும் பெற்றுவிடாதிருப்போமாக.