பன்னி சௌ

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் உருவாக்கிய உணவு. வெள்ளை ரொட்டியின் கால் துண்டைக் குடைந்து, பள்ளத்தில் ஆட்டுக்கறி, கோழி அல்லது பீன்ஸ் குழம்பை ஊற்றுவார்கள். குடைந்தெடுத்த ரொட்டியின் உட்பகுதியே மூடி. முதலில் அதைக் குழம்பில் தொட்டுத் தின்று, பிறகு ஓரங்களைக் கையால் பிய்த்து உண்பது முறை. கரண்டி கேட்பவர் அநேகமாக வெளியூர்க்காரர்.

1860 முதல் 1911 வரை, டர்பனை உள்ளடக்கிய நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தமிழரும் தெலுங்கருமே அதிகம். அவர்களுக்குப் பங்கீடாகக் கிடைத்தவை அரிசியும் பருப்பும். குழம்பு ரொட்டிக்குள் புகுந்தது பிற்பாடு, 1940-களை ஒட்டி. கண்டுபிடித்தவர் யார் என்பதற்குக் கதைகள் பல, சான்று இல்லை. கறுப்பினத்தவர் உணவகங்களில் அமர முடியாத நிறவெறிக் காலத்தில், தட்டில்லாமல் வாங்கிப்போக இது தோதாக இருந்தது. துருவிய காரட், வெங்காயம், பச்சை மிளகாய் கலந்த சம்பல் பக்கத்துணை.