எல்மைராவில் கதவைத் தட்டிய நர்ஸ்கள்

பிள்ளையை அடிப்பதும் பட்டினி போடுவதும் ‘அவங்க வீட்டு விவகாரம்’ என்று உலகம் வெகுகாலம் ஒதுங்கியே நின்றது. மருத்துவர்களின் கண்ணைத் திறந்தது எக்ஸ்ரே படம்.

1946-இல் அமெரிக்காவில் ஜான் கேஃபி என்ற எக்ஸ்ரே நிபுணர், தலைக்குள் ரத்தம் கட்டியிருந்த 6 கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய கை, கால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள். அதற்கு ஏற்ற காரணம் எதையும் பெற்றோர் சொல்லவில்லை. 1962-இல் டென்வர் மருத்துவர் ஹென்றி கெம்பேயும் சகாக்களும் 71 மருத்துவமனைகளில் கேட்டறிந்து, ஒரே ஆண்டில் அப்படி வந்த 302 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார்கள். 33 குழந்தைகள் இறந்துவிட்டன. 85 குழந்தைகளுக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. அடுத்த சில ஆண்டுகளிலேயே, சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் புகார் செய்ய வேண்டும் என்று அங்குள்ள மாநிலங்கள் சட்டம் இயற்றின.

ஆனால் புகார் வருவது அடி விழுந்த பிறகுதானே? விழாமலே தடுக்க வழியுண்டா?

இதற்கு விடை தேடியவர் டேவிட் ஓல்ட்ஸ். 1978-இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா பகுதியில் 400 கர்ப்பிணிகளைச் சேர்த்தார். எல்லோருக்கும் அதுதான் முதல் பிரசவம். பெரும்பாலோர் மிக இளையவர்கள், மணமாகாதவர்கள் அல்லது ஏழைகள். அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்குக் குழந்தையின் வளர்ச்சிப் பரிசோதனையும் மருத்துவமனை போக வாகன வசதியும் மட்டும். சிலருக்குக் கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்தார். சாப்பாடு, புகைப்பழக்கம், குழந்தை ஏன் அழுகிறது, விட்ட படிப்பை எப்படித் தொடர்வது என்று எல்லாம் பேசினார்.

குலுக்கல் எதற்கு? ஆர்வமுள்ள தாய்மாரை மட்டும் சேர்த்தால், நல்ல பலன் நர்ஸால் வந்ததா, அந்தத் தாயின் குணத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. வரவையும் செலவையும் ஒரே பத்தியில் எழுதிய கதையாகிவிடும்.

15 ஆண்டு கழித்துப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1997-இல் முடிவு வெளியானது. 2 வயதுவரை நர்ஸ் வந்த குடும்பங்களில், குழந்தை வதை, புறக்கணிப்பு பற்றிய உறுதியான புகார்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான்.

குறையையும் அவர்கள் மறைக்கவில்லை. கணவன் மனைவிக்குள் அடிதடி அதிகமாக இருந்த வீடுகளில் இந்தப் பலன் தெரியவில்லை என்று 2000-இல் எழுதினார்கள். ஓர் ஊரின் முடிவு போதாது என்று மெம்ஃபிஸிலும் டென்வரிலும் சோதனையைத் திரும்பச் செய்தார்கள்.

நல்லெண்ணம் மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், பலித்ததா என்று 15 ஆண்டு காத்திருந்து எண்ணிப் பார்த்ததே இந்த வரலாற்றின் பெருமை.

நாம் நர்ஸ்கள் அல்லர். ஆனாலும் நம் பிளாக்கில் முதல் பிள்ளை பெற்ற பெண் தூக்கமின்றித் தனியாகத் தவித்தால், கதவைத் தட்டி ‘என்னம்மா, ஏதாவது உதவி வேணுமா?’ என்று கேட்கலாம். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098-க்கு அழையுங்கள். ‘அவங்க வீட்டு விவகாரம்’ என்று மட்டும் இருந்துவிட வேண்டாம்.