இடிக்க முதல் அறுபது நாள்

நான் எழுத்தாளன் அல்ல. ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே பக்டரியில் இரவு வேலை செய்பவன். மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் எண்டு சங்கத்தில் கேட்டார்கள். கனநாளாக மனதில் கிடந்த ஒரு விடயத்தை எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் குயின் வீதியும் பே வீதியும் சந்திக்கும் இடத்தில் உள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுதான் பழைய நகர மண்டபம். லெனொக்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்தது. 1899 இல் திறக்கப்பட்டது. 1965 இல் பக்கத்திலேயே புதிய மண்டபம் வந்ததும் பழையதுக்குச் சனி பிடித்தது. ஈற்றன் கம்பனியின் பெரிய வணிகத் திட்டத்துக்காக, கோபுரத்தையும் போர் நினைவுத் தூபியையும் விட்டு மிச்சத்தை இடிக்க யோசித்தார்கள். நகரத்துச் சனம் ஒன்றுசேர்ந்து எதிர்த்தது. 1967 இல் கம்பனி திட்டத்தைக் கைவிட்டது. 1977 இல் ஈற்றன் சென்ரர் திறந்தபோதும் பழைய மண்டபம் அப்படியே நின்றது.

அந்தக் காலத்தில் ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் கிடையாது. அது 1975 இல்தான் வந்தது. ஒரு கட்டிடத்தை மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கும் அதிகாரம் நகரசபைகளுக்குக் கிடைத்தது. ஆனால் ஒரு குறை. சொந்தக்காரர் இடித்தே தீருவேன் எண்டு நின்றால், சபை மறுத்தாலும் 180 நாள்தான் தாமதிக்கலாம். அதுக்குப் பிறகு பெக்கோவைக் கொண்டுவந்து இடிக்கலாம். இப்படியே முப்பது வருடம் போனது. 2005 இல்தான் சட்டத்தைத் திருத்தி, முற்றாக மறுக்கும் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுத்தார்கள். சொந்தக்காரர் மேன்முறையீடு செய்யலாம்.

சின்னமாக அறிவிக்கப்படாமல், சபையின் பட்டியலில் பெயர் மட்டும் உள்ள கட்டிடங்களும் உண்டு. அவற்றுக்கு 2006 இல் ஒரு விதி வந்தது. இடிக்க விரும்புபவர் 60 நாளுக்கு முதல் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் அதிகாரிகள் கட்டிடத்தின் வரலாற்றைத் தேடலாம், அயலவர்கள் சபையில் போய்ப் பேசலாம். பெறுமதி உள்ளதென்றால் சபை அதைச் சின்னமாக அறிவிக்கத் தொடங்கலாம். இல்லையென்றால் இடிக்க வேண்டியதுதான்.

விதி இருந்தால் எல்லாம் தப்பும் என்றும் இல்லை. சட்டர் வீதியில் 1856 இல் கட்டிய வோல்நட் ஹோல் என்ற தொடர் வீடுகள் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. கவனிப்பாரில்லாமல் கிடந்து 2007 இல் சுவர் சரிந்தது. பிறகு முழுவதையும் இடித்துவிட்டார்கள். 2022 இல் இன்னொரு மாற்றம் வந்தது. பட்டியலில் உள்ள கட்டிடத்தை இரண்டு வருடத்துக்குள் சின்னமாக அறிவிக்காவிட்டால் பெயர் விழுந்துவிடும். 2024 இல் அந்தத் தவணையை 2027 ஜனவரி 1 வரை நீட்டினார்கள்.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் கேட்டார், "பழைய செங்கல்லுக்கு ஏன் தம்பி இவ்வளவு மரியாதை?" என்று. எனக்கு அம்மாவின் வீடுதான் நினைவுக்கு வந்தது.

வலிகாமம் வடக்கில் அம்மாவின் அப்பு கட்டின வீடு. 1990 இல் எல்லாரும் இடம்பெயர்ந்தார்கள். நான் பிறந்தது வேறு ஆட்களின் வீட்டில். பல வருடங்களுக்குப் பிறகு காணியை விட்டபோது அம்மா போய்ப் பார்த்தா. கிணறு இருந்தது. வீடு இல்லை. அத்திவாரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எப்ப இடிச்சவை, ஏன் இடிச்சவை எண்டு ஒரு துண்டுக் கடுதாசியும் வரவில்லை. அறுபது நாள் வேண்டாம், ஒருநாள் தந்திருந்தாலும் அப்பு செய்வித்த முன்கதவைக் கழட்டி எடுத்திருப்பம்.

இங்கே பட்டியலில் பெயர் இருந்தால்தான் அந்த 60 நாளும் கிடைக்கும். எங்கள் வீடுகள் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடப்பிறப்புக்கு வீட்டில் உள்ள பெரியவர்களை இருத்தி வைத்துக் கேளுங்கோ. வீட்டை யார் கட்டினது, எந்த வருடம், எத்தனை அறை, கிணறு எந்தப் பக்கம்? கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.

நான் அம்மாவிடம் கேட்டபோது, அவ கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் வீட்டைக் கீறிக் காட்டினா. அந்தத் தாளை என்ரை அகதி வழக்குக் கடிதங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.