வெயில் (பாடல் தொகுப்பு)

‘வெயில்’, 2006 டிசம்பர் 8 அன்று வெளியான அதே பெயருள்ள தமிழ்த் திரைப்படத்தின் பாடல் தொகுப்பு. ஜி. வி. பிரகாஷ் குமார் இசையமைத்த முதல் படம் இது. பாடல்களை எழுதியவர் நா. முத்துக்குமார். இயக்குநர் வசந்தபாலன் விருதுநகர்க்காரர். கதை நடக்கும் ஊரும் அதுவே. தயாரித்தவர் ஷங்கர். அவருடைய ‘ஜென்டில்மேன்’ (1993) படப் பாடலில் மழலைக் குரல் கொடுத்த பிரகாஷுக்கு ‘வெயில்’ வெளியானபோது வயது 19.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரம் மழை பொய்க்கும் பூமி. வெள்ளாமையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத இந்த மண்ணில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பட்டாசும் அச்சும் தொடர்ந்தன. மருந்தும் குச்சியும் காய வெயில் வேண்டும். ஆளை வாட்டுவதும் அதுதான், சோறு போடுவதும் அதுதான். படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

அண்ணன் தம்பியின் பால்யத்தைச் சொல்லும் ‘வெயிலோடு விளையாடி’தான் தொகுப்பின் உயிர். கைலாஷ் கேர், ஜாஸி கிப்ட், திப்பு, பிரசன்னா ஆகியோர் பாடினார்கள். கேர் வடநாட்டவர், கிப்ட் மலையாளி, முத்துக்குமார் காஞ்சிபுரத்துக்காரர், பிரகாஷ் சென்னையில் வளர்ந்தவர். ஆனாலும் பாட்டில் கரிசல் புழுதி பறக்கிறது. லினர்ட் ஸ்கினர்ட் போன்ற அமெரிக்கத் தென்மாநில ராக் குழுக்கள் புளூஸையும் கன்ட்ரி இசையையும் குழைத்துச் சொந்த மண்ணைப் பாடின. இங்கே வெளியூர்க் குரல்கள் ஓர் ஊரைப் பாடுகின்றன. அந்த ஊரை நெஞ்சில் சுமந்து வந்தவர் இயக்குநர். வெயிலைத் தண்டனையாக அல்லாமல் விளையாட்டுத் தோழனாகக் கண்ட தமிழ்ப் பாடல்கள் அரிது. அந்த மகிழ்ச்சியைக் கேட்டவருக்கே படத்தில் பின்னால் அண்ணன் முருகேசன் படும் பாடு முழுதாக வலிக்கும்.

‘உருகுதே மருகுதே’ ஷங்கர் மகாதேவனும் ஸ்ரேயா கோஷலும் பாடிய காதல் பாடல். வசந்தபாலனின் முதல் படமான ‘ஆல்பம்’ (2002) வழியாகத் தமிழுக்கு வந்தவர் ஸ்ரேயா.

2006ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை ‘வெயில்’ பெற்றது; 2007இல் கான் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகச் சென்னை ரங்கநாதன் தெருவுக்கு வந்தவர்களின் கதையான ‘அங்காடித் தெரு’வில் (2010) வசந்தபாலன், பிரகாஷ், முத்துக்குமார் மூவரும் மீண்டும் சேர்ந்தனர். அதில் விஜய் ஆண்டனியும் இசையமைத்தார்.