மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே: தொலைக்காட்சி வந்த வரலாறு



மக்தபில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் ஆண்டுதோறும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “ஹஜ்ரத், பிள்ளைகள் டி.வி. பார்ப்பது கூடுமா, கூடாதா?” உருவப்படம் பற்றிய சட்டத்தையும் இசை பற்றிய சட்டத்தையும் எடுத்துரைத்து இதற்கு விடையளித்துவிடலாம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்துவந்தோம். ஆனால் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்ற கேள்வியை அவர்களும் கேட்டதில்லை, நாமும் எழுப்பியதில்லை. தொலைக்காட்சியின் வரலாற்றைப் புரட்டினால், அக்கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டவர்கள் வேறு நாட்டினர் என்பது தெரியவரும்.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், மாலை 6 மணி முதல் 7 மணி வரை தொலைக்காட்சியில் எந்த நிகழ்ச்சியும் ஒளிபரப்பாகவில்லை. சிறுவர் நிகழ்ச்சிகள் முடிந்ததும் திரை இருண்டுவிடும். பெற்றோர் பிள்ளைகளுக்கு உணவூட்டி உறங்கவைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஒரு மணி நேரம் விடப்பட்டிருந்தது. அரசாங்கம் தாலாட்டுப் பாடியதா என்று இன்று நாம் நகைக்கலாம். அன்றைய மக்களுக்கு அது நகைப்பாகத் தோன்றவில்லை. 1955இல் தனியார் தொலைக்காட்சி அங்கு தோன்றியது. அந்நிறுவனங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் விளம்பர வருவாய் இல்லாத நேரமாக இருந்தது. அவர்கள் முறையிட்டனர், 1957 பிப்ரவரியில் அவ்விடைவெளி நீக்கப்பட்டது. பிள்ளைகளின் நலம் குறித்து எவரும் புதிதாக எதையும் கண்டறிந்துவிடவில்லை. வருவாயின் கணக்கு ஒன்றே அம்முடிவுக்குப் போதுமாயிருந்தது.

ஐஸ்லாந்தின் கதை இன்னும் வியப்பானது. 1966இல் அந்நாட்டில் தேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பு இல்லை. கோடையில் ஜூலை மாதம் முழுவதும் இல்லை. ஜூலை விடுமுறை 1983 வரையிலும், வியாழன் விடுமுறை 1987 வரையிலும் நீடித்தன. வாரத்தில் ஓர் இரவு ஒரு நாடு முழுவதும் திரையின்றி இருந்தது என்பதை நம் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இத்தகைய எல்லைகளால் விளைந்த பயன் என்ன என்று கேட்போருக்குக் கனடாவிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்திருந்த சிற்றூருக்கு, நிலத்தின் அமைப்பினால் அலைவரிசை எட்டாமலே இருந்தது. 1973இல் அங்கும் தொலைக்காட்சி வரப்போகிறது என்பதை அறிந்த டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், அது வருவதற்கு முன்பே அவ்வூருக்குச் சென்று பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஏற்கெனவே தொலைக்காட்சி இருந்த வேறு இரண்டு ஊர்களிலும் அதே சோதனைகளை நடத்தினர். ஈராண்டுகளுக்குப் பின் மீண்டும் சென்றனர். ஒரு பழைய செய்தித்தாளை எத்தனை விதங்களில் பயன்படுத்தலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு, தொலைக்காட்சி வருமுன் அவ்வூர்ப் பிள்ளைகளே பிற ஊர்ப் பிள்ளைகளை விஞ்சி விடை கூறியிருந்தனர். வந்த பின்னர் அவர்களும் மற்றவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டனர். விளையாட்டிடத்தில் அடித்துக்கொள்வதும் ஏசிக்கொள்வதும் பெருகின. ஆண் பிள்ளைகளிடம் மட்டுமன்றிப் பெண் பிள்ளைகளிடமும் அவ்வாறே. பெரியவர்கள் ஊர்க் கூட்டங்களுக்கும் பொது நிகழ்ச்சிகளுக்கும் வருவது குறைந்தது. 1986இல் இவ்வாய்வு நூலாக வெளிவந்தது. நம் கவனத்திற்குரியது யாதெனில், அப்பிள்ளைகள் பார்த்தவை ஆபாசப் படங்கள் அல்ல. அரசின் நிதியில் இயங்கிய ஒரே ஒரு பொது ஒளிபரப்பு மட்டுமே அவ்வூருக்கு வந்திருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1959 செப்டம்பரில் டில்லியில் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்கு வந்தது. நெடுங்காலம் அது மாலை நேரத்து ஒளிபரப்பாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’. ஞாயிறு மாலை தமிழ்த் திரைப்படம். தமிழகத்தில் மஃரிப் ஏறத்தாழ மாலை ஆறு மணியை ஒட்டி வருகிறது. இஷா அதற்கு ஒரு மணி நேரத்திற்குப் பின். ஆக, அந்த இரண்டு நிகழ்ச்சிகளும் வந்து விழுந்தது தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் ஓதிவந்த வேளையில்தான். எவரும் திட்டமிட்டு நமக்கு எதிராகச் செய்த காரியமன்று இது. உழைத்துக் களைத்து வீடு திரும்பியோர் ஓய்வெடுக்கும் நேரம் எதுவோ அதுவே ஒளிபரப்புக்கும் உகந்த நேரம். நம் முன்னோரும் அதே காரணத்தால்தான் அவ்வேளையைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கியிருந்தனர்: வாப்பா வீட்டிலிருப்பார், பிள்ளை ஓதிவிட்டு வந்ததும் பாடத்தைக் கேட்பார்.

எண்பதுகளின் இறுதியில் நாம் மக்தபில் ஓதிய காலம் நினைவிருக்கிறது. தெருவில் மூன்று வீடுகளில் மட்டும் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மஃரிப் தொழுகை முடிந்ததும் பாதிப் பிள்ளைகள் ஒளு செய்யும் ஹவுளின் பக்கமாக நழுவிவிடுவார்கள். நாமும் நழுவியவர்களுள் ஒருவரே, மறைப்பதற்கில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தவாறு நின்று பார்த்தோம். மறுநாள் பிரம்படி கிடைத்தது. பிரம்பு தோற்றுப்போனதை உணர்ந்த அந்தப் பெரியவர், ஓரிரு ஆண்டுகளில் வகுப்பை அஸருக்குப் பிறகு மாற்றிவிட்டார். நேரப் பலகையில் பழைய எழுத்தின் மேல் வெள்ளை பூசிப் புதிய நேரம் எழுதப்பட்டது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியதும், கேபிள் தெருத்தெருவாக நுழைந்ததும், 2006 முதல் அரசே வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாக வழங்கியதும் அதற்குப் பின் நடந்தவை. தூர்தர்ஷனுக்கேனும் இரவில் ஒரு முடிவு இருந்தது; இவற்றுக்கு முடிவே இல்லை.

இக்காலம் முழுவதும் நம் ஆலிம்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? பெட்டி கூடுமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். பின்னர் ரமளானில் ஸஹர் நேர நிகழ்ச்சிகள் வந்தன, நம்மவர்களே திரையில் தோன்றி பயான் செய்தனர், விவாதம் ஓய்ந்தது. கூடும் என்றாகிவிட்டபின் எவ்வளவு என்று கேட்பார் இல்லை. மார்க்க நிகழ்ச்சியாயினும் மூன்று மணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் போனது போனதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மிகாமல், அதிலும் குறைவாயின் நன்று என்கிறது. உறக்கமும் ஓடியாடுவதும் குறைந்துவிடக் கூடாது என்பதே அதன் கவலை. அதைப் படித்தபோது நமக்கு வெட்கமே வந்தது. நம் வீட்டிலும், அடுத்த நாள் பாடத்தை ஆயத்தம் செய்ய அமைதி வேண்டி, இளைய மகனின் முன் பெட்டியை நாமே இயக்கிவிட்டுப் போன மாலைகள் உண்டு. இப்போது மஃரிப் பாங்கு சொன்னால் நம் வீட்டில் அது அணைக்கப்படுகிறது. முதல் பத்து நாட்கள் அவன் அழுதான். அவனைவிட அவனுடைய பாட்டியார் அதிகம் வருந்தினார்.

சென்ற ஷவ்வால் மாதம் சில தாய்மார்கள் வந்து, ஓதும் நேரத்தைப் பழையபடி மஃரிபுக்குப் பின் வைக்கலாகாதா என்று கேட்டனர். அஸர் வகுப்பை நிறுத்தாமல், விரும்பியவர்களுக்கு மட்டும் மாலை வகுப்பையும் தொடங்கினோம். தற்போது ஏழு பிள்ளைகள் வருகிறார்கள். பலகையில் இன்னும் எழுதவில்லை.