கபிலைத் தோலும் கைப்பையும்

பெரிய பிராண்டின் கைப்பை ஒன்றை ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து வாங்கியவர்களின் புலம்பல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. ஓரத்தில் பூசிய சாயம் ஒரு வருஷத்துக்குள் பொருக்குத் தட்டி உதிர்கிறது. கைப்பிடி சேரும் இடத்தில் தையல் விடுகிறது. வியர்வை பட்ட பக்கம் பிசுபிசுக்கிறது. அம்மா காலத்துப் பை இப்படியா இருந்தது என்ற ஒப்பீடும் கூடவே வரும். பேராசை பிடித்த சில கம்பெனிகள் அண்மையில் செய்த கோளாறு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. தோலின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் இதே ஏமாற்றம் ஒரு விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்கு முற்றியிருந்தது. அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது நம் ஊர்த் தோல். பொருளைச் சோதிக்கும் வேலை அதைப் பயன்படுத்துபவர் கையிலிருந்து நழுவி, பெயரை விற்பவர் கைக்குப் போகும்போதெல்லாம் தரம் என்பது கண்ணுக்கு மட்டும் என்று சுருங்கிவிடுகிறது. கைப்பைக்கு நேர்ந்ததும் அதுதான் என்பது என் வாதம். சான்று தேடிப் பாரிசுக்குப் போக வேண்டாம், பள்ளிப்பட்டில் தொடங்கலாம்.

கொசஸ்தலை ஆற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் இந்த ஊர் டேனரிகளுக்குப் பேர்போனது அல்ல. இன்று தறிச் சத்தம் கேட்கும் ஊர் அது. ஆனால் திருத்தணி வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் தோலை நம்பிப் பயிர் செய்தது. கார்வேட்டிநகரம் ஜமீனின் நிழலில், 1911 வரை வடாற்காடு மாவட்டத்திலும் அதன்பின் சித்தூர் மாவட்டத்திலும் கிடந்து, எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்த பகுதி இது. மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் கலந்த பூமி. பம்பு செட் வருவதற்கு முன் கிணற்று நீரை மேலே கொண்டுவந்தது கபிலை. மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுக்க, தோல் பை நீரோடு ஏறி வாய்க்காலில் கொட்டும். தோலுக்கு இதைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது. நாள் முழுக்க நனையும், இரவில் காயும், கிணற்றுச் சுவரில் உரசும். அந்தத் தோலைப் பதனிட வேண்டிய ஆவாரம்பட்டை புறம்போக்கிலேயே கிடைத்தது. தோல் வேலை செய்தவர்களுக்குக் கூலி பெரும்பாலும் களத்து மேட்டில் தானியமாகப் போனது. பை கிழிந்தால் பயிர் வாடும், பயிர் வாடினால் அவர்களுக்கு அளக்கும் நெல்லும் குறையும். செய்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியும். வாங்கியவர் வீடு எங்கே என்று செய்தவருக்கும் தெரியும்.

இதைப் பொற்காலமாக்கிப் பேசுவது தப்பு. தோல் தொழிலாளியைச் சேரிக்கு அப்பால் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் ஊர் அவரிடம் வேலை வாங்கியது. பையும் நீண்ட நாள் உழைத்துவிடவில்லை. மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் நீரில் கிடந்தால் அதன் துவர்ப்புச் சத்து கரைந்து போய்த் தோல் அழுகத் தொடங்கும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-இல் சென்னை ஓவியத் தொழிற்பள்ளியில் குரோமிய உப்பால் தோல் பதனிடும் சோதனைகளில் இறங்கினார். அமெரிக்காவில் மெல்லிய காலணித் தோலுக்குப் பயன்பட்ட முறையை அவர் இங்கே முதன்மையாகத் திருப்பிவிட்டது கபிலைப் பைகளின் பக்கம். குரோம் தோல் நீரில் அழுகாமல் கூடுதல் காலம் தாங்கியது. 1912-இல் பல்லாவரம் அருகே சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி இந்த வழியின் தொடர்ச்சி; குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அதன் எச்சம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் முக்கியமான ஒரு மாற்றத்துக்குத் தூண்டுதல் உழவரின் பையில் இருந்த குறை. அந்தக் குறையை யாராலும் மழுப்ப முடியவில்லை, ஏனென்றால் பை ஓட்டையா இல்லையா என்பது வாய்க்காலில் தெரிந்துவிடும்.

அதே ஆவாரம்பட்டைத் தோல் கடல் தாண்டியபோது கதை மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையின் பெரியமேடு, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீங்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, கடுக்காய்ச் சாற்றில் நிறம் தெளிந்து, எண்ணெய் பூசி உலர்ந்து, அரைப்பதமாகக் கப்பலேறின. லண்டன் ஏலத்தில் மாட்டுத்தோலை ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்றார்கள். வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் விசித்திரமாக ‘பெர்ஷியன்’ ஆகிவிட்டன. பாரசீகத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஏலத்தில் எடுத்தவர்கள் அவற்றைச் சாயமேற்றி, மெருகு போட்டு, உயர்ந்த வகை மொராக்கோ ஆட்டுத்தோலின் மணித்தடம் போன்ற தடத்தை எந்திரத்தால் அழுத்திப் பதித்தார்கள். ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்டின் தோல், பாரசீகப் பெயரில், மொராக்கோ முகத்தோடு, ஆங்கிலேயச் சீமானின் நூலகத்துக்குள் நுழைந்தது. தங்க எழுத்துப் பொறித்த தோல் கட்டடப் புத்தகம் அந்தக் காலத்தில் ஆடம்பரத்தின் அடையாளம்; இன்று கைப்பை வகிக்கும் இடத்துக்கு மிக அருகில் இருந்த பொருள் அது.

அந்தப் புத்தகங்களின் முதுகு சில ஆண்டுகளிலேயே செந்தூளாக உதிர்ந்தது. புகார் பெருகி, லண்டன் கலைச் சங்கம் 1900-இல் காப்ஹாம் பிரபு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. புத்தகக் கட்டுநர் டக்ளஸ் காக்கரெல், லீட்ஸ் நகரத் தோல் வேதியியலாளர் ஹென்றி புராக்டர் முதலியோர் அதில் இருந்தார்கள். 1901-இல் வெளிவந்த அறிக்கை முந்தைய எண்பது, நூறு ஆண்டுகளில் கட்டிய புத்தகங்கள் அதற்கு முந்தியவற்றைவிட மோசமாகச் சிதைந்திருப்பதை உறுதி செய்தது. ஆய்ந்த தோல்களில் மிகவும் கேவலமானவை கிழக்கிந்திய ‘பெர்ஷியன்’ வகை. பத்து ஆண்டுக்குள்ளேயே அவை கெட்டன என்றது அறிக்கை. ஆவாரம்பட்டை போன்றவற்றின் கேட்டகால் வகைத் துவர்ப்பு வெளிச்சத்தில் சிவந்து, எரிவாயு விளக்கின் புகையிலிருக்கும் கந்தக அமிலத்தை ஏற்று நொறுங்குகிறது. சுமாக் இலையின் பைரோகலால் வகைத் துவர்ப்பு அதைத் தாங்குகிறது. வேதியியல் இதோடு முடிந்தது. பலரும் அறிக்கையின் இந்தப் பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதே அறிக்கை, சாயம் பளிச்சென்று ஏற கந்தக அமிலம் சேர்ப்பதையும், போலித் தடம் பதிக்கத் தோலை அழுத்தி நசுக்குவதையும், தடித்த தோலை வழித்து மெலிதாக்குவதையும் சேர்த்தே கண்டித்தது. அந்த மூன்றும் சென்னையில் நடந்தவை அல்ல. லண்டனில், கடைக் கண்ணாடிக்குள் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தவை.

அப்படியானால் நம் தோல் குற்றமற்றதா? இல்லை. ஆவாரம் தோல் நூறு ஆண்டு நிற்க வேண்டிய புத்தகத்துக்குப் பொருந்தாது என்பது உண்மை. தேசப்பற்றால் அதை மறைக்க முடியாது. ஆனால் அதே பதனீட்டில் வந்த மாட்டுத்தோல் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸ் மேல்தோலானது. அரசே சென்னையில் கிப்ஸ் தோலை மொத்தமாகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து வாங்கியது. ராணுவம் தோலுக்கு வைத்த தேர்வு சேறும் நடையும். நூலகத்துக்கு விற்றவர் வைத்த தேர்வு பளபளப்பு. பொருள் ஒரே வகை, தேர்வு வேறு. எந்த வேலைக்கு என்று கேட்காமல், எப்படித் தெரிகிறது என்று மட்டும் கேட்ட இடத்தில் அது தோற்றது. தோற்றபின் பழி, பெயர் மாற்றி விற்றவரைத் தாண்டி நேராகத் தொட்டியில் கைவைத்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

இங்கே கெட்டிக்காரர் ஒருவர் ஆட்சேபம் எழுப்பலாம். பழைய பொருளில் நல்லவை மட்டும்தானே எஞ்சி நிற்கும், கெட்டவை குப்பைக்குப் போயிருக்கும், ஆகவே ‘அந்தக் காலத்துத் தரம்’ என்பதே கண்மயக்கு என்பார். அம்மாவின் கைப்பைக்கு இந்த வாதம் பெருமளவு பொருந்தும். பரணில் தப்பிய ஒரு பையை வைத்து ஒரு தலைமுறையின் தையலை எடைபோட முடியாது. நூலகத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. நூலகம் கட்டடம் கெட்டதற்காகப் புத்தகத்தை எறிவதில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே அலமாரியில், ஆண்டு பொறித்தபடி நிற்கின்றன. தவிர, குழு அலமாரியை மட்டும் பார்க்கவில்லை. புதுத் தோல்களை வெளிச்சத்திலும் வெப்பத்திலும் எரிவாயுப் புகையிலும் வைத்துச் சோதித்தது. தரம் இறங்கியதென்பது முதியவர்களின் ஏக்கம் அல்ல, அளந்து கண்ட உண்மை.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் வட்டாரத்தின் இன்றைய தொழிலான நெசவிலும் இதன் மறுபதிப்பு உண்டு. சென்னை மாகாணக் கட்டம்போட்ட துணி நெடுங்காலம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜர் கழிமுகத்தின் கலபாரி மக்கள் ‘ரியல் மெட்ராஸ்’ துணியை முகர்ந்தும், தொட்டும், நாக்கில் வைத்தும் அசலா போலியா என்று பிரித்தார்கள். பெயர் அங்கேயும் இருந்தது, ஆனால் மூக்கும் நாக்கும் அந்தப் பெயரைக் கண்காணித்தன. 1958-இல் அதே வகைத் துணி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு ஜாக்கெட்டாகப் போனபோது வாங்கியவருக்குத் தெரிந்ததெல்லாம் கடையின் பெயர். துவைத்தார்கள்; சாயம் ஓடியது; ரகளை ஆனது. தனியே குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்று தாம் சொன்னதை இறக்குமதியாளர் கடைக்குச் சொல்லவே இல்லை என்பது ஏற்றுமதி செய்த கேப்டன் கிருஷ்ணன் நாயர் பின்னாளில் சொன்ன கதை. பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. சாயம் ஓடுவதே இதன் சிறப்பு, ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் என்று விளம்பரம் புறப்பட்டது; குறை மொத்தமும் குணமாகிப் பிய்த்துக்கொண்டு விற்றது. துணியில் ஒரு இழைகூட மாறவில்லை. நெய்தவர் கூலி உயர்ந்ததாகவும் யாரும் சொல்லவில்லை.

கைப்பைக்கு வருவோம். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவு ஒன்றை நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வைத்தது. கடையில் சுமார் 2,600 யூரோவுக்கு விற்ற பை ஒன்றைச் செய்து தர, மூலப்பொருள் நீங்கலாக, துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது 53 யூரோ என்பது வழக்கில் வெளிப்பட்டது. பட்டறைகள் மிலான் அருகே இருந்தன. தொழிலாளர்கள் அங்கேயே தூங்கி எழுந்து வேலை செய்தார்கள். இது தொழிலாளர் சுரண்டல் வழக்கு, தர வழக்கு அல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் விலையில் கைவேலையின் பங்கு எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டியதில்லை. இன்னொன்றையும் பாருங்கள். லூயி வித்தோனின் புகழ்பெற்ற எழுத்துப் பொறித்த பையின் உடல் பி.வி.சி. பூசிய பருத்தித் துணி. தோல் இருப்பது கைப்பிடியிலும் ஓரப்பட்டையிலும். அந்தக் கைப்பிடித் தோல் மரத்துவர்ப்பில் பதனிட்டது. வெயில் படப் படத் தேன்நிறமாகக் கறுக்கும். அதை முதிர்ச்சியின் அழகு என்று விற்கிறார்கள். வெளிச்சத்தில் நிறம் மாறுகிறது என்பதும் ஆவாரம் தோல் மீது 1901-இல் சுமத்திய குற்றங்களில் ஒன்று.

ஆடம்பரப் பை வாங்குபவர் தோலுக்கா காசு கொடுக்கிறார், அந்தஸ்துக்குத்தானே, அந்தஸ்து கிடைத்தபின் தையலைப் பற்றி என்ன முறையீடு என்பது கடைசி ஆட்சேபம். கேட்க நன்றாக இருக்கிறது, விற்பவர் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. அவருடைய விளம்பரத்தில் அந்தஸ்து என்ற வார்த்தையே வராது. கைத்தையல், பரம்பரைக் கைவினை, ஆயுட்கால உழைப்பு என்பவைதான் வரும். வாக்குக் கொடுத்தது தரத்துக்கு என்றால் கேள்வியும் தரத்தைப் பற்றித்தான் இருக்கும். வாங்குபவர் ஏமாளி என்று கைகழுவுவது, பெர்ஷியன் என்று பெயர் சூட்டியவரை விட்டுவிட்டுப் புத்தகம் வாங்கியவரைத் திட்டுவதற்குச் சமம்.

ஆவாரம்பட்டைக் காலம் போய், தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்து, இன்று பெரும்பாலான தோல் குரோமியத்தில் பதனாகிறது. அதற்கு ராணிப்பேட்டையின் நிலத்தடி நீர் கொடுத்த விலை தனிக் கட்டுரைக்குரியது. எஞ்சிய மரத்துவர்ப்புத் தோலுக்கு, ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில், புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரியில் 1978-இல் தொடங்கிய ஹைடிசைன், இத்தகைய தோலில் பை செய்தே வெளிநாட்டில் பெயர் எடுத்தது. குறியீடும் இன்னொரு பெயர்தான். சோதனை கூடவே வராவிட்டால் அதுவும் முத்திரையாக மட்டும் நிற்கும். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எதில் பதனிட்ட தோல், மேலே பூச்சு உண்டா, தையல் விட்டால் எங்கே, எவ்வளவு நாளுக்குத் தைத்துத் தருவீர்கள். பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், பெயர் எவ்வளவு பெரிதானாலும் அந்தப் பையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.